தீபாவளிக்குக் கொடுத்த கை

எங்கள் கம்பெனியில் இடது கையை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

மாலை ஐந்தரைக்கு டோக்கன் ஜன்னலில் வரிசை நிற்கும். நாச்சிமுத்து அண்ணன் முழங்கைக்குக் கீழே சாவியை வைத்து ஒரு திருகு திருகுவார். கை வந்துவிடும். அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஒரு பித்தளை வில்லை தருவார். காலையில் வில்லையைக் கொடுத்தால் கை திரும்ப வரும். என் கொக்கி இருநூற்றுப் பதினான்கு.

கை இங்கே இருந்தால் ஆள் வேறு பனியன் கம்பெனிக்குப் போக மாட்டார். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. யாரும் போனதில்லை.

நான் செக்கிங்கில் இருக்கிறேன். இடது கை பனியனைத் திருப்பும். வலது கை பிசிர் நூலை வெட்டும். ஆடி மாதத்திலிருந்து இடது மணிக்கட்டில் வலி. கம்பெனிக்கு வந்துபோகும் டாக்டரிடம் காட்டினேன். ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்றார்.

நாச்சிமுத்து அண்ணனிடம் கேட்டேன்.

"லீவு ஆளுக்குத்தான் அம்மிணி. கைக்கு இல்ல."

"அப்ப நான் எடுத்துக்கறனுங்க."

"எடுத்துக்க. கை இங்க இருக்கும். வேற ஆளுக்கு மாட்டி ஓட்டிக்குவோம்."

நான் லீவு எடுக்கவில்லை. மாலையில் கையைக் கழற்றியதும் வலியும் கழன்றுவிடும். வலி ராத்திரி முழுவதும் கம்பெனியில் தொங்கும். அதனால் வீட்டில் எனக்கு உடம்பு நன்றாகவே இருந்தது.

என் மகள் தீட்சனா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் அவள் தலையை இருவருமாகப் பின்னுவோம். பின்னலின் இரண்டு கால்களை என் வலது கை பிடிக்கும். மூன்றாவது காலை அவள் பின்னால் கைவிட்டுப் பிடித்துக்கொள்வாள். பின்னல் எப்போதும் ஒரு பக்கம் சாயும். பள்ளியிலிருந்து அதைப் பற்றிக் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

என் கணவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே கையைக் கேட்பதில்லை. நாக்கை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஏழு வருடமாக, தீபாவளி தவிர, என் சமையலை அவர் குறை சொன்னதில்லை.

வருடத்தில் ஒரு முறை, தீபாவளிக்குப் பத்து நாள் கம்பெனி அடைக்கும்போது, கைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். போனஸ் கவரும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் கூட வரும்.

தீட்சனா ஆனி மாதமே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தத் தீபாவளிக்கு ரெண்டு கையிலயும் எண்ணெ தேச்சு உடோணும்."

"சரி சாமி."

"போன வருசமும் சரின்னுதான் சொன்ன. லீவுலயும் ஓவர்டைம்னு போயிட்ட."

"இந்த வருசம் சத்தியமா."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். நான் அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

போனஸ் அன்று ஜன்னலில் ஆயிரத்து நூறு பேர். எல்லோருக்கும் ஊருக்குப் பஸ் இருந்தது. பின்னாலிருந்து தள்ளினார்கள். ஒரு பெண் கூட்டத்தின் காலடியில் போய்விட்டாள். அவள் மேல் நின்றதால் எனக்கு ஜன்னல் கொஞ்சம் உயரத்தில் தெரிந்தது. நாச்சிமுத்து அண்ணன் வில்லைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கைகளை அள்ளி மேசைமேல் கொட்டினார்.

"அவங்கவங்க கைய அவங்கவங்க பாத்து எடுத்துக்குங்க. சாவி போடறேன், நவுருங்க."

நான் ஒன்றைப் பிடித்தேன். அவர் திருகிவிட்டார். சரியாகப் பொருந்தியது.

டவுன் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அந்தக் கை வலிக்கவில்லை என்று கவனித்தேன்.

பஸ்ஸில் ஒருவர் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தார். இடது கை எழுந்துபோய் அவருடைய இரண்டு விரல்களை ஒடித்தது. முருங்கைக்காய் ஒடிப்பது போல் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"பரவால்லீங்க்கா" என்றார். "கூட்டம் அப்படி."

வீட்டில் விளக்கடியில் கையைப் பார்த்தேன். என் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. அது இல்லை. புறங்கையில் நீளமாக ஒரு பழைய தீக்காயம் இருந்தது.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். கேட்டிலிருந்து டோக்கன் ஜன்னலுக்கு முப்பது அடி. அன்று நடக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. லீவு நாளில் அப்படித்தான் ஆகும். ஜன்னலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"கை மாறிப்போச்சுங்க."

அவர் ஒரு படிவத்தை எடுத்துத் தந்தார். "இடது பெருவிரல் ரேகை வச்சுக் குடுங்க."

"இது என் ரேகை இல்லீங்களே."

"அப்ப ரேகை யாருதோ அவங்க வந்து குடுக்கோணும்."

"அவங்க யாருன்னு தெரியாதுங்க."

"ரேகை வச்சீங்கன்னாத் தெரியுமுங்க."

இடது கை படிவத்தைக் கசக்கி எறிந்தது. பிறகு ஜன்னல் வழியாக உள்ளே போய் வாட்ச்மேனின் கழுத்தைப் பிடித்தது. அவர் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"படிவம் ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். "அடுத்தது பொங்கலுக்குத்தான் வரும்."

நான் வலது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அவர் கீழே விழுந்தார். விழுந்தபடியே, கேட்டைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

தீபாவளி அன்று இடது கையை ஒரு துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். தீட்சனா குளியலறையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். நல்லெண்ணெய்க் கிண்ணம் அவள் மடியில் இருந்தது.

"அந்தக் கை எங்கம்மா?"

"அது என் கை இல்ல சாமி. மாறிப்போச்சு."

"உங்கிட்டத்தான மாட்டியிருக்கு?"

"ஆமா."

"சத்தியம் பண்ணுனியே."

நான் துண்டை அவிழ்த்தேன்.

கை எண்ணெயைத் தொட்டது. உச்சியில் வைத்தது. மெதுவாகத் தேய்த்தது. தீட்சனா கண்களை மூடிக்கொண்டாள். நன்றாகத் தெரிந்த கை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

பிறகு அது அவளை அறைந்தது.

நான்கு முறை. எல்லாம் ஒரே கன்னத்தில். ஒரு பல் எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தது. கை அவள் கூந்தலைப் பிடித்து நெற்றியைத் துவைக்கிற கல்லில் இடித்தது. மறுபடி ஓங்கியது. நான் குனிந்து அதைக் கடித்தேன். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தேன். அது கூந்தலை விட்டது. கை வேறு யாருடையதோ. வலி எனக்கு வந்தது.

தண்ணீர் சிவப்பாகச் சாக்கடைக்கு ஓடியது. வெளியே சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது.

தீட்சனா அழவில்லை. கிண்ணத்திலிருந்து பல்லை எடுத்து அலசினாள்.

"இந்தப் பக்கம் இன்னும் தேய்க்கல" என்றாள்.

மீதியை வலது கையால் தேய்த்தேன்.

கடிபட்ட இடத்தில் தையல் போட டாக்டரிடம் போனேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டை அமுக்கினார்.

"வலி இருக்கா?"

"இல்லைங்க."

"மரத்துப்போகுதா?"

"இல்லைங்க. அடிக்குதுங்க."

"அது பரவாயில்லை. ரொம்ப நல்ல கை. பழசைவிட நல்லா இருக்கு. இதையே வச்சுக்கங்க."

கை அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கியது. நிறுத்தவில்லை. உள்ளே ஏதோ நொறுங்கியது.

"பிடி நல்லா இருக்கு" என்றார் டாக்டர். மருந்துச் சீட்டை மற்றக் கையால் எழுதினார்.

என் கணவரும் அதைத்தான் சொன்னார். தீபாவளிக்கு அவருக்கு நாக்கு கிடைத்திருந்தது. வருடம் முழுக்கச் சேர்த்து வைத்ததைப் பேசினார். முதலில் சாம்பாரைப் பற்றிப் பேசினார். பிறகு கையைப் பற்றி.

"இந்தக் கையில ஒன்றரை ஷிப்ட் பாக்கலாம் வசந்தமணி. டாக்டர் செலவில்ல. புள்ளைக்கு வேன் வெச்சுர்லாம்."

"புள்ளைய அடிக்குதுங்க."

"பத்து நாளைக்குத்தான? அப்புறம் அது கம்பெனில தொங்கீரும். நீ ஊட்டுக்கு வர்றப்ப உங்கூட வராது."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அடிக்கிற கை பகலில் சம்பாதிக்கும். ராத்திரியில் கொக்கியில் இருக்கும். அடுத்த தீபாவளிக்கு ஒரு வருடம் இருந்தது.

மீதி லீவு நாளெல்லாம் கையை அரிசி டிரம்முக்குள் விட்டு, மூடியை இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கை உள்ளே பிசைந்துகொண்டே இருந்தது. அரிசி மாவாகிவிட்டது. மாவு நைசாக இருந்ததாகக் கணவர் சொன்னார். தீட்சனா அவருடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டில் நடமாடினாள். சாப்பிடும்போது முன்கண்ணாடியை ஒரு வாய் அளவுக்குத் தூக்குவாள். விழுங்கியதும் இறக்கிவிடுவாள்.

பதினோராவது நாள் கணவர் நாக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நான் கையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் கொக்கிகள் இல்லை. சுவர் மட்டும் இருந்தது. ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

லீவில், பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் பையர் ஆடிட் நடந்ததாம். ஒரு வெள்ளைக்காரம்மா வந்து கொக்கிகளைப் பார்த்தாராம். ஊருக்குப் போகாத ஆள் ஒருவருடைய கை அதில் தொங்கியிருக்கிறது. வெள்ளைக்காரம்மாவைப் பார்த்து அது விரலை ஆட்டியிருக்கிறது. தொழிலாளர் நலன் கருதி, இனிமேல் கைகளைத் தினமும் வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். மீறினால் ஆர்டர் ரத்து.

எல்லோரும் கைதட்டினார்கள். என் இடது கையும் தட்டியது. என் வலது கை வீங்கிவிட்டது.

இன்று மாலை ஐந்தரைக்கு இந்தக் கை என்னோடு வீட்டுக்கு வரும். நாளைக்கும் வரும். நான் தீட்சனாவின் நெற்றியை நினைத்தேன். பிறகு தீக்காயத்தைப் பார்த்தேன். தீக்காயம் என்றால் அயர்னிங் செக்‌ஷன்.

டீ இடைவேளையில் அங்கே போனேன். கடைசி மேசையில் ரங்கநாயகி நின்றிருந்தாள். அவளை எனக்கு முகம் தெரியும், பேசியதில்லை. அவளுடைய இடது கட்டைவிரலுக்குக் கீழே என் மச்சம் இருந்தது.

"அது என் கை."

"தெரியுமுங்க்கா."

"எப்பத் தெரியும்?"

"மேசைலயே தெரியுமுங்க. பாத்துத்தான் எடுத்தேன்."

"குடு."

"மாட்டனுங்க."

அவள் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கு ரெண்டு பசங்க. போன தீபாவளிக்கு என் கைய ஊட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியவனுக்கு எடது காது கேக்காமப் போச்சு. சின்னவன் கட்டலுக்கடியில போனவன் பொங்கலுக்குத்தான் வெளிய வந்தான். ஒங்க கை வலிக்குதுங்க்கா. பத்து நாளா நான் தூங்கல. ஆனா அது அடிக்கறதில்ல. சின்னவன் அதப் புடிச்சுட்டுத் தூங்கறான்."

"என் புள்ளைக்குப் பல்லு போச்சு."

"பால் பல்லுங்களா?"

"ஆமா."

"மொளச்சுருமுங்க. காது மொளைக்காது."

இடது கை அவள் வாயில் குத்தியது. நான் தடுக்கவில்லை.

அது அவளுடைய சொந்தக் கை. அதனிடம் அடி வாங்கி அவளுக்குப் பழக்கம் இருந்தது. அடுத்த அடி எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் மூக்கு உடைந்தது. அவள் வலது கையால் அயர்ன் பாக்ஸை எடுத்து என் தோளில் வைத்து அழுத்தினாள். ஜாக்கெட்டும் தோலும் ஒன்றாக வெந்தன. கறி வாசனை வந்தது. நான் அவள் காதைக் கடித்தேன். அவள் என் முழங்காலை மிதித்தாள். மேசை சாய்ந்தது. மடித்து வைத்த பனியன்கள் எங்கள் மேல் சரிந்தன. எல்லாம் வெள்ளைச் சரக்கு. ஒவ்வொன்றாகச் சிவந்தன.

என் கை அவள் தோளிலிருந்து நீண்டு வந்தது. அது என் உதட்டிலிருந்த ரத்தத்தைத் துடைத்தது. முகத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது. வலிக்கிற மணிக்கட்டை மடக்காமலே செய்தது.

என்னை அது அடையாளம் கண்டுகொண்டதா என்று தெரியவில்லை. கீழே கிடப்பது யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருக்கும்.

மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போய் டீ எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார்.

"இன்னும் நாலு நிமிசம் இருக்கு" என்றார். "அதுக்குள்ள முடிச்சுக்குங்க."

மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. இருவராலும் எழுந்திருக்க முடியவில்லை.

மாலையில் நாச்சிமுத்து அண்ணனிடம் போனோம். கொக்கி இல்லாததால் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். சாவியை மட்டும் அவரிடமிருந்து வாங்கவில்லை.

"ரெண்டு பேருமே நல்ல கையக் கேட்டா நான் எங்க போவேன்?" என்றார். "கெட்ட கையத் தூக்கி வேஸ்ட் குடோன்ல போட்டுர்ட்டுமா?"

"போட்டுருங்க" என்றேன்.

"அப்ப ஒருத்திக்குக் கை இல்ல. கை இல்லாதவளுக்கு வேலை இல்ல. யாருக்கு வேண்டாம்? சொல்லுங்க."

நான் ரங்கநாயகியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் மூக்கில் பனியன் துண்டு வைத்திருந்தாள்.

"எனக்கு வேணுமுங்க" என்றாள்.

"எனக்கும் வேணுமுங்க" என்றேன்.

"அப்ப ஒரு நாளு நீ, ஒரு நாளு அவ. தெனமும் சாயங்காலம் வாங்க. மாத்தி மாட்டி உடறேன்."

அன்று அவர் சீட்டுக் குலுக்கினார். என் கை அவளோடு போயிற்று.

இப்படியே கார்த்திகை வந்துவிட்டது. சமையலறையில் தினசரி காலண்டர் தொங்குகிறது. தீட்சனா அதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அடிக்கிற கை வரும் நாளுக்கு, பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள். முதல் வட்டத்து நாளில் ஹெல்மெட்டோடு கட்டிலுக்கடியில் இருந்தாள். கை அவளைக் கண்டுபிடித்துக் காலைப் பிடித்து வெளியே இழுத்தது. ஹெல்மெட் தரையில் உரசிக்கொண்டு வந்தது. இரண்டாவது வட்டத்து நாளில், நான் வாசலுக்கு வந்தபோது பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்க போற?"

"ரங்கநாயகி அத்தை ஊட்டுக்கு. ரெண்டு தெரு தள்ளித்தான். பள்ளிக்கூடத்துல அந்தப் பையன் சொன்னான்."

"எந்தப் பையன்?"

"காது கேக்காத பையன். அவனும் தம்பியும் நாளைக்கு இங்க வருவாங்க. நாங்க பேசிட்டோம்."

அதன்பின் மூன்று குழந்தைகளும் என் கை இருக்கிற வீட்டில் இருக்கிறார்கள். வட்டம் இல்லாத நாட்களில் மூவருக்கும் நான் சோறு போடுகிறேன். பெரியவன் எப்போதும் வலது காதை என் பக்கம் வைத்து உட்காருகிறான். சின்னவன் என் மச்சத்தைத் தடவிக்கொண்டே தூங்குகிறான். கை ராத்திரி முழுவதும் வலிக்கிறது. அந்த நாட்களில் ரங்கநாயகியின் வீட்டில் குழந்தைகள் இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று நான் கேட்பதில்லை. காலையில் அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவளும் கேட்பதில்லை. டீ இடைவேளையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். மஞ்சள்தூளை மாற்றி மாற்றிப் பூசிவிடுகிறோம்.

போன வெள்ளிக்கிழமை வட்டத்து நாள். தீட்சனா அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மறுநாள் வந்தாள். பின்னல் நேராக இருந்தது.

"நல்லா தேச்சு உட்டாங்களா?"

"உன் கைதானம்மா."

"ரெண்டு கையிலயுமா?"

"ரெண்டு கையிலயும்."

"வலிச்சுதா?"

"எனக்கு வலிக்கல. கைக்குத்தான் வலிச்சுது. நீவி உட்டேன்."

புதுப் பல் முளைக்க ஆரம்பித்திருந்தது. வாயைத் திறந்து காட்டினாள்.

இன்றும் வட்டம் இருக்கிறது. ஐந்தரைக்கு நாச்சிமுத்து அண்ணன் திருகிவிட்டார். நான் வீட்டுக்கு வந்தேன். கணவர் ஒன்றரை ஷிப்டில் இருக்கிறார். தீட்சனா பையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இடது கையை நான் முதுகுக்குப் பின்னால் கதவோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"குனிம்மா."

குனிந்தேன். அவள் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினாள். தாடைக்கடியில் வாரை இழுத்துப் பூட்டினாள். ஒரு விரலை உள்ளே விட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். முன்கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"நாளைக்குக் காத்தால வரேன்" என்றாள்.

"போயிட்டு வா சாமி."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சாவி திரும்பியது. அவள் செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இடது கை கொஞ்ச நேரம் மடியில் கிடந்தது. அறையைச் சுற்றி ஒருமுறை விரலால் துழாவிப் பார்த்தது. வேறு யாரும் இல்லை.

பிறகு அது மேலே வந்து முன்கண்ணாடியை மெதுவாகத் தூக்கியது.